நம் பிள்ளை குடிப்பதில்லையே என்று இருந்துவிட முடியாது

ஒருவர் அருந்தும் பானத்தில் அவருக்குத் தெரியாமல் மதுவையோ மயக்க மருந்தையோ கலந்துவிடுவதை மேலை நாடுகளில் 'ஸ்பைக்கிங்' என்கிறார்கள். பிரிட்டனில் சில ஆண்டுகளாக இது தலைப்புச் செய்தியாக இருந்து வருகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழக நகரங்களின் இரவு விடுதிகளில் பானத்தில் மட்டுமின்றி ஊசி வழியாகவும் மயக்க மருந்து செலுத்தப்படுவதாக மாணவிகள் புகார் செய்தார்கள். ஊர் ஊராக ஓர் இரவைக் குறித்துக்கொண்டு, விடுதிகளுக்கே போகாமல் புறக்கணித்தார்கள். 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு இதுபற்றி விசாரித்து அறிக்கை தந்தது. 2023 ஏப்ரலுடன் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைக்கு வந்த ஸ்பைக்கிங் புகார்கள் 6,732. அவற்றில் 957 ஊசி தொடர்பானவை. இதைத் தனிக் குற்றமாக அறிவித்து, 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்யும் பிரிவைக் கொண்ட மசோதா 2025 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

இந்தச் செய்திகளை நம் வீடுகளில் எப்படிப் படிக்கிறோம்? பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு கடந்து போகிறோம். "குடிக்கப் போனவர்கள் படும் பாடு, நமக்கென்ன?" என்பதே நம்மில் பலரின் எண்ணம். பிள்ளைகளை லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் கோலாலம்பூருக்கும் படிக்க அனுப்பிவிட்டு, "என் பிள்ளை ஐவேளை தொழுகிறவன், அந்தப் பக்கமே போகமாட்டான்" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய. அந்த நம்பிக்கை பொய் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கை ஒரு பாதுகாப்பு ஆகாது. பல நேரங்களில் ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பைக்கிங் என்றதும் ஏதோ அபூர்வமான மாத்திரை என்று நினைக்கிறோம். உண்மையில் மிக அதிகமாகக் கலக்கப்படுவது மதுதான். கோலாவிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ வோட்காவை ஊற்றினால் நிறம் மாறுவதில்லை. இனிப்பும் குளிர்ச்சியும் வாசனையை மறைத்துவிடுகின்றன. மதுவின் சுவையே அறியாத பிள்ளைக்கு அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் ஒரு மிடறில் முகம் சுளிப்பார்கள். நம் பிள்ளை, 'இந்த ஊர் ஜூஸ் இப்படித்தான் போலிருக்கிறது' என்று முழுக் கோப்பையையும் குடித்து முடித்திருப்பான். பழக்கமில்லாத உடலில் அதே அளவு மது இன்னும் கடுமையாக வேலை செய்யும். ஆக, குடிக்காதவர்களுக்கு இதில் ஆபத்து குறைவு என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

மருந்துகள் வேறு கதை. ஜிஎச்பி என்ற திரவம் நிறமும் மணமும் அற்றது. லேசான உப்புச் சுவை மட்டும் உண்டு. இனிப்புப் பானத்தில் அதுவும் தெரியாது. கால் மணி, அரை மணி நேரத்தில் தலை சுற்றும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும், பிறகு நினைவு தப்பும். தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த ரொஹிப்னால் இப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், அதைத் தயாரித்த ரோச் நிறுவனம் 1990களின் இறுதியில் பானத்தில் விழுந்தால் நீல நிறம் காட்டும்படி மாத்திரையை மாற்றியது. கோலா போன்ற கருநிறப் பானத்தில் நீலம் தெரியுமா என்ன? பானத்தில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகளும் விற்கிறார்கள். அவை ஒன்றிரண்டு மருந்துகளை மட்டுமே காட்டும். பட்டை நிறம் மாறவில்லை என்பதால் பானம் சுத்தம் என்று ஆகிவிடாது. அதை நம்பிக் குடிப்பதைவிடச் சந்தேகம் வந்த பானத்தைக் கொட்டிவிடுவதே மேல்.

இது பெண்களுக்கு மட்டுமே நேர்வது என்பது நம்மிடம் உள்ள இன்னொரு தவறான எண்ணம். புகார் செய்பவர்களில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள் என்பது உண்மை. ஆனால் பிரிட்டனின் நீதிமன்ற வரலாற்றில் மிகக் கொடிய பாலியல் குற்றவாளி என்று பதிவான ஒருவனிடம் சிக்கியவர்கள் அனைவரும் ஆண்கள். இந்தோனேசியாவிலிருந்து மேற்படிப்புக்காக வந்த ரெய்ன்ஹார்ட் சினாகா என்பவன் மான்செஸ்டர் நகரின் நடுவே ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தான். பக்கத்திலேயே இரவு விடுதிகள். நள்ளிரவுக்குப் பின் நண்பர்களைப் பிரிந்து தனியே நிற்கும் இளைஞர்களை, வண்டிக்குக் காத்திருப்பவர்களை, போனில் சார்ஜ் தீர்ந்து தவிப்பவர்களை நெருங்குவான். "என் வீடு இங்கேதான், வந்து சற்று இளைப்பாறிவிட்டுப் போங்கள்" என்பான். வீட்டில் ஒரு பானம் கொடுப்பான். ஜிஎச்பிதான் கலந்திருக்க வேண்டும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. 2017 ஜூனில் ஓர் இளைஞர் பாதியில் விழித்துக்கொண்டு போராடியதால்தான் அவன் பிடிபட்டான். அவன் தன் போனிலேயே எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தான். 48 ஆண்களுக்கு எதிரான 159 குற்றங்கள் நிரூபணமாகி 2020 ஜனவரியில் ஆயுள் தண்டனை உறுதியானது. குறைந்தது 30 ஆண்டு என்றிருந்ததை அதே ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 40 ஆக்கியது.

இந்த வழக்கில் நம்மை உறைய வைப்பது எண்ணிக்கை அல்ல. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. காலையில் அறிமுகமில்லாத வீட்டில் கண் விழித்து, 'நேற்று அளவு மீறிவிட்டோம் போலிருக்கிறது, யாரோ நல்ல மனிதர் இடம் கொடுத்திருக்கிறார்' என்று அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. காவல்துறை அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அவன் வந்தது உதவி செய்பவனின் வேடத்தில். ஸ்பைக்கிங் செய்பவனின் அடுத்த காரியம் அநேகமாக இதுதான். தள்ளாடும் ஆளைத் தோளில் தாங்கி, "இவர் என் ஃபிரண்ட்தான், நான் வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லி அழைத்துப் போவான். வாசலில் நிற்பவர்களும் வழிவிடுவார்கள்.

எனவே, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றில் பானத்தைவிட முக்கியமானது நண்பர்கள் விஷயம். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒருவர் திடீரென்று குழறினாலோ, அருந்திய அளவுக்குப் பொருத்தமில்லாமல் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ அவரைத் தனியே கழிவறைக்குக்கூட அனுப்பக் கூடாது. முன்பின் தெரியாத யாரோடும் அனுப்பவே கூடாது. அறையில் படுக்கவைத்துவிட்டு, 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடவும் கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழல் அடைத்து உயிர் போவது நடக்கிற காரியம். மதுவும் தூக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சே மெல்ல மெல்ல அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். காபி கொடுப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது எல்லாம் வேண்டாத வேலைகள். எழுப்பியும் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான். பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, சிங்கப்பூரில் 995, நம் நாட்டில் 108.

பானம் பற்றிய எச்சரிக்கைகள் எளியவை. மூடி திறக்காத பாட்டிலாக வாங்கித் தானே திறப்பது; கோப்பையில் வாங்கினால் ஊற்றுவதைக் கண்ணால் பார்ப்பது; தொழவோ கழிவறைக்கோ போகும்போது நம்பகமான தோழியிடம் கொடுத்துவிட்டுப் போவது; ஒரு நிமிடம் கவனம் தவறியிருந்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுவது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை மதரஸாவில் சிறு வயதிலேயே கற்றவர்கள்தான் நம் பிள்ளைகள். அவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. பிரிட்டனில் 2016இல் லிங்கன்ஷர் மாவட்டத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஓர் ஏற்பாட்டையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். உணவகத்திலோ விடுதியிலோ ஆபத்தை உணர்ந்தால், அங்குள்ள ஊழியரிடம் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும். அப்படி யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். அது உதவி கேட்கும் சங்கேதச் சொல் என்பது பயிற்சி பெற்ற ஊழியருக்குப் புரியும். ஓசையில்லாமல் அழைத்துப் போய் வண்டி ஏற்றிவிடுவார், அல்லது காவல்துறைக்குச் சொல்வார்.

இங்கே சிலர் நம்மிடம் கோபித்துக்கொள்ளக்கூடும். "ஹஜ்ரத், அந்த இடங்களுக்கே போகாதே என்று சொல்வதை விட்டுவிட்டு, போனால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறீர்களே!" என்று கேட்கலாம். மது பரிமாறப்படும் விருந்தில் அமர வேண்டாம் என்ற மார்க்கத்தின் வழிகாட்டல் தெளிவானது. அதில் நமக்குச் சமரசம் இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லா மாணவர்களையும் அழைக்கும் அறிமுக நிகழ்ச்சி, நான்கு நாட்டுப் பிள்ளைகள் பொதுவில் பயன்படுத்தும் விடுதிச் சமையலறை, வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தின் ஆண்டு விருந்து, உடன் படிப்பவரின் பிறந்தநாள்... இவையெல்லாம் இரவு விடுதியா? ஜூஸ் கோப்பையோடு ஓரமாக அமர்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு இவற்றில் எங்கே வேண்டுமானாலும் இது நேரலாம்.

கெட்ட நோக்கம்கூட வேண்டியதில்லை. 'இவன் குடித்தால் எப்படி ஆடுவான் பார்ப்போம்' என்று வேடிக்கைக்காகக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். குடிக்காதவன் என்று பெயர் எடுத்த முஸ்லிம் மாணவன் அத்தகைய 'விளையாட்டு'க்கு எளிய இலக்கு. பிரிட்டனில் 1861இல் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம், ஒருவரைக் காயப்படுத்த மட்டுமல்ல, வெறுமனே எரிச்சலூட்டும் நோக்கத்தோடு தீங்கான பொருளைக் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பாலியல் நோக்கத்தோடு மயக்கப் பொருள் கொடுத்தால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு வரை. மயக்கியதே அந்தக் குற்றமாகிவிடும், அதன்பின் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. இதை நம் ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கலப்பவர்கள் கூட்டத்தில் நம் வீட்டுப் பையன் இருக்கமாட்டான் என்று எவரும் எழுதித் தர முடியாது. அவன் கலக்காவிட்டாலும், அருகில் இருந்து சிரித்துக்கொண்டு போனில் படம் எடுப்பவனாக இருக்கலாம்.

இனி, நாம் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறோம்.

ஜிஎச்பி போன்ற மருந்து இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். சிறுநீரில் சுமார் 12 மணி நேரம். வேறு சில மருந்துகள் இரண்டு மூன்று நாள் வரை தெரியலாம். அதாவது இரவு பத்து மணிக்கு ஒருவருக்கு மருந்து கலக்கப்பட்டிருந்தால், மறுநாள் லுஹர் நேரத்துக்குள் அதன் தடயமே அழிந்துவிடும். கண் விழித்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீர்தான் சாட்சி. அதைச் சுத்தமான ஒரு பாட்டிலில் பிடித்து வைக்க வேண்டும். தகாத எதுவும் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் குளிக்கக் கூடாது, உடையைத் துவைக்கக் கூடாது. அதே உடையைக் காகிதப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். கோப்பையில் மீதம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்த வேண்டும். நாள் தவறிப்போனாலும் முழுதும் கைவிட வேண்டியதில்லை: சில வாரங்கள் கழித்துத் தலைமுடியைச் சோதித்துச் சில மருந்துகளைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் எல்லாமே முதல் 12 மணி நேரத்தில்தான்.

அந்த 12 மணி நேரத்தில் நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? குளிப்பாள். அதுதான் அவள் செய்யும் முதல் காரியம். உடம்பில் மது போய்விட்டதே என்று பதறிக் குஸ்லும் செய்து, விடுபட்ட ஃபஜ்ரைத் தொழுது, அழுதுவிட்டுப் படுத்துக்கொள்வாள். வீட்டுக்கு போன் செய்யமாட்டாள். செய்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "அங்கே உனக்கு என்ன வேலை? யாரோடு போனாய்?" அடுத்தது, "படித்தது போதும், புறப்பட்டு வா." அதற்கு அடுத்தது, "யாரிடமும் சொல்லிவிடாதே, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்." பையனாக இருந்தால் இன்னும் மோசம். ஓர் ஆணுக்கு இப்படி நடந்தது என்று அவன் தன் நண்பனிடம்கூடச் சொல்லமாட்டான். பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்ததும் இதுதான்: பாதிக்கப்பட்ட பலர் காவல்துறைக்குப் போகவில்லை, தங்களை நம்பமாட்டார்கள் என்று நினைத்தார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளே அப்படி என்றால் நம் பிள்ளைகள் எப்படி?

பானத்தில் மருந்து கலப்பவன் நம்பியிருப்பது மருந்தை மட்டும் அல்ல. இந்த மௌனத்தையும்தான். மருந்து ஐந்தாறு மணி நேரம் வேலை செய்யும். வெட்கம் ஆயுள் முழுவதும் வேலை செய்யும். கண்டிப்பான குடும்பத்துப் பிள்ளை என்றால் அவனுக்கு இன்னும் வசதி.

ஆகவே மார்க்கத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அறியாமல், அல்லது வலுக்கட்டாயமாகப் போதைப் பொருள் உட்கொள்ளச் செய்யப்பட்டவர் மீது பாவம் இல்லை. தவறுதல், மறதி, நிர்ப்பந்தம் ஆகியவற்றுக்கு இந்தச் சமுதாயத்தில் பிடிப்பு இல்லை என்ற நபிமொழியை எல்லா மத்ஹபுகளின் நூல்களும் எடுத்தாளுகின்றன. மயக்கப்பட்டு மானபங்கம் செய்யப்பட்டவர் குற்றவாளி அல்ல, அவர் மஸ்லூம்: அநீதி இழைக்கப்பட்டவர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பெண்ணை ஒருவன் பலவந்தப்படுத்திவிட்டான். அவள் கூக்குரலிட்டாள், வந்தவர்களிடம் சொன்னாள், நபியவர்களிடமே முறையிட்டாள். அவளுக்கு மன்னிப்பு உண்டு என்று ஆறுதல் சொல்லி நபியவர்கள் அனுப்பி வைத்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் பதிவான சம்பவம் இது. 'நீ ஏன் தனியே வந்தாய்?' என்று அவளிடம் யாரும் கேட்டதாக அதில் இல்லை. அவள் வாய் திறந்து சொன்னதும் அதைக் கேட்டவர்கள் நம்பியதும்தான் அங்கே நடந்தது. இதைப் பெண்கள் பயானில் சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம் என்பது நமக்கே விளங்கவில்லை.

வெட்கம் யாருக்கு உரியது என்ற இதே கேள்வியைத்தான் பிரான்ஸில் ஒரு பாட்டி உலகத்தின் முன் வைத்தார். ஜிசேல் பெலிகோ. அவர் போனது விடுதிக்கோ விருந்துக்கோ அல்ல. தன் சொந்த வீட்டில், சொந்தக் கணவன் தந்த உணவிலும் பானத்திலும் லோராசெபம் என்ற மாத்திரையைப் பொடித்துப் போட்டு, 2011 முதல் 2020 வரை அவரை மயக்கத்தில் ஆழ்த்தினான் அந்தக் கணவன். இணையம் வழியே அந்நிய ஆண்களையும் வரவழைத்தான். அடிக்கடி நினைவு தப்புகிறதே என்று அந்த அம்மையார் மருத்துவர்களிடம் போனார், மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். மறதி நோயோ என்று பயந்தார். மயக்க மருந்தாக இருக்குமோ என்று யாருக்கும் தோன்றவில்லை. கடை ஒன்றில் வேறொரு குற்றத்துக்காகக் கணவன் பிடிபட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. 2024 டிசம்பரில் அவினியோன் நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. உடன் நின்ற 50 ஆண்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பெயரை மறைத்து மூடிய அறையில் விசாரணை நடத்தும் உரிமை அவருக்கு இருந்தது. வேண்டாம் என்றார். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள், நான் அல்ல என்பதே அவர் சொன்ன காரணம். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி தினமும் நிமிர்ந்த தலையோடு நீதிமன்றப் படியேறியதை நாமும் செய்திகளில் பார்த்தோம்.

காரணம் புரியாமல் அடிக்கடி மயக்கம், நினைவிழப்பு என்று வீட்டில் யாராவது சொன்னால் 'காற்று கருப்பு' என்று தகடு, தாயத்து தேடி ஓடாமல், இரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்து இருக்கிறதா என்று சோதிக்கும்படி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள் என்று சொல்ல இதுவே தக்க இடம்.

நம் நாட்டுக்கு வருவோம். இது மேலை நாட்டு இறக்குமதி என்று நினைத்தால் அது நம் வரலாற்றை மறந்ததாகும். ஊமத்தை விதையை உணவில் கலந்து வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையடிப்பது ஆங்கிலேயர் காலத்தில் சாலைகளில் சாதாரணம். 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 328ஆவது பிரிவு இதற்காகவே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 123ஆவது பிரிவு; தண்டனை 10 ஆண்டு வரை. மயக்கப் பொருள் கொடுத்துப் பெறப்பட்ட சம்மதம் சம்மதமே அல்ல என்பதை 63ஆவது பிரிவு சொல்கிறது. ஊமத்தையின் இடத்துக்குத் தூக்க மாத்திரை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்து நகை பறித்த செய்தி எந்த ஆண்டில் வராமல் இருந்திருக்கிறது? எதிர் இருக்கையில் குடும்பஸ்தர் போல் ஒருவர். நான்கு மணி நேரம் ஊர்க் கதை பேசுவார். தானும் ஒரு பொட்டலத்திலிருந்து சாப்பிடுவார், உங்களுக்கு வேறொரு பொட்டலத்தைப் பிரிப்பார். நீட்டியதை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம்; அதுதான் அவருடைய மூலதனம். பொய்க் காரணம் எதுவும் தேட வேண்டாம். "வேண்டாம், ரொம்ப நன்றி" என்று சொல்லிப் புன்னகைத்தால் போதும். மனம் நோகுமே என்று நினைத்தால், நல்லவர் நோகமாட்டார். பெட்டியில் யாராவது அசாதாரணமாகத் தூங்கிக்கொண்டே இருந்தால் 139க்குச் சொல்லுங்கள். அடுத்த நிலையத்தில் மருத்துவ உதவி கிடைக்கும்.

புகார் கொடுப்பது பற்றியும் சுருக்கமாக. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் உடனே கட்டணமின்றி சிகிச்சை தர வேண்டும் என்பதும் சட்டம். பெண்கள் உதவிக்கு 181. வெளிநாட்டில் என்றால் அங்குள்ள பல்கலைக்கழக நலப் பிரிவையும் முஸ்லிம் மாணவர் சங்கத்தையும் தொடர்புகொள்ளலாம். பிள்ளை போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த எண்களைப் பெற்றோரும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் செப்டம்பரில் திறக்கின்றன. ஊறுகாயும் கருவாடும் பெட்டியில் அடுக்கும் நாட்களில், வாப்பாவும் உம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள் சில உண்டு. "எந்த நேரமானாலும் கூப்பிடு. எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று அன்றைக்குக் கேட்க மாட்டோம். முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் பிறகு." இதை இருவரும் சொல்ல வேண்டும், உம்மா மட்டும் சொன்னால், 'வாப்பாவுக்குத் தெரிந்தால்?' என்ற பயம் அப்படியே இருக்கும். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அந்தச் சொல் வந்தால், உடனே போன் செய்து, 'அவசரம், இப்போதே புறப்படு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த இடத்திலிருந்து எழுந்து வர அது பிள்ளைக்கு ஒரு சாக்கு. பாட்டி வீட்டுப் பூனையின் பெயர்கூடப் போதும். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே பின்னிரவு இரண்டரை, மூன்றரை ஆகியிருக்கும். போனை சைலண்டில் போடாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.